குழலுக்கு வாயும் நாவும்: ஓர் ஆர்கன் பட்டறையின் சொற்கள்



மொழியியல் உரை என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டு, தேவாலயங்களில் ஒலிக்கும் ஆர்கன் என்னும் இசைக்கருவியைப் பற்றிப் பேச முற்படுவது ஏன் என்னும் ஐயம் உங்களுள் சிலருக்கு எழக்கூடும். சிங்கப்பூர் எஸ்பிளனேட் இசையரங்கின் மேடைக்குப் பின்னால் சுவரையே மறைத்து எழுந்து நிற்கும் குழல்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 2002ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்வரங்கின் ஆர்கனில் 4,740 குழல்கள் உள்ளன. கோலாலம்பூரில், இரட்டைக் கோபுரங்களின் அடியில் 1998இல் திறக்கப்பட்ட டேவான் பிலார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கில் உள்ளதற்கு ஏறத்தாழ 3,000 குழல்கள். இவற்றுக்கும் முன்பே, 1987இல், சிங்கப்பூர் விக்டோரியா இசையரங்கில் ஓர் ஆர்கன் அமைக்கப்பட்டது. மூன்றும் ஒரே குடும்பத்தின் பட்டறையில் செய்யப்பட்டவை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் நகரங்களில் நிற்கும் ஒரு கருவியின் உறுப்புகளில் ஒன்றைக்கூட நாம் தமிழில் சொல்லிப் பழகவில்லை. 'குழல்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறோம். மொழியியல் படித்தவர்களுக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

அப்பட்டறை ஜெர்மனியில், ரைன் ஆற்றங்கரையில் உள்ள பான் நகரில் இருக்கிறது. 1882இல் யோகான்னஸ் கிளைஸ் என்பவர் அதைத் தொடங்கினார். அவருக்குப் பின் மகன் ஹான்ஸ், அவருக்குப் பின் பேரர் ஹான்ஸ் கெர்ட், இப்பொழுது கொள்ளுப்பேரர் பிலிப் என நான்கு தலைமுறைகள் அத்தொழிலை நடத்தி வந்திருக்கின்றன. 1896 முதல் ஒரே தெருவில் ஒரே வளாகம். தேவாலயங்களுக்குப் புதிய ஆர்கன்களைச் செய்வதும், நூற்றாண்டுகள் கடந்த பழைய ஆர்கன்களைச் சீரமைப்பதும் அவர்களின் பணி. கொலோன் பேராலயத்தின் நடுக்கூடத்தில் 1998இல் அவர்கள் அமைத்த ஆர்கன் ஏறத்தாழ 30 டன் எடையுள்ளது. தரையிலிருந்து 20 மீட்டர் உயரத்தில், எஃகுக் கம்பிகளில் அந்தரத்தில் தொங்குகிறது. அவ்வகை ஆர்கனை ஜெர்மானியர் 'தகைவிலான் கூடு' என்கின்றனர். தகைவிலானின் கூடு சுவரில் ஒட்டியிருக்கும். கொலோனில் உள்ளதோ மேலிருந்து தொங்குகிறது. நாம் பெயர் வைத்திருந்தால் தூக்கணாங்குருவிக் கூடு என்றே வைத்திருப்போம்; அதுவே பொருத்தமாகவும் இருந்திருக்கும்.

ஆர்கன் பேசும் முறையை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். துருத்தியிலிருந்து வரும் காற்று ஒரு மரப்பெட்டியில் நிறைந்து நிற்கிறது. பெட்டியின் மேல் குழல்கள் நிற்கின்றன. வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய குழலின் அடியில் உள்ள அடைப்பு திறந்து காற்று உள்ளே செல்லும். ஒரே வகைக் குரலுடைய குழல்கள் பெரியதிலிருந்து சிறியது வரை ஒரு வரிசையாக நிற்கும். அத்தகைய வரிசைகள் எஸ்பிளனேட்டில் அறுபதுக்கு மேல். எட்டு அடிக் குழல் வரிசை என்றால் அதன் மிகப்பெரிய குழல் ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளம் என்று பொருள். முப்பத்திரண்டு அடி வரிசையில் முதற்குழல் மூன்று மாடி உயரம் நிற்கும். ஜெர்மானிய வீடுகளில் வரிசையாகப் பிறந்த குழந்தைகள் உயரவாரியாக நின்றால் 'ஆர்கன் குழல்களைப் போல' என்று சொல்வது வழக்கம்.

இனி உறுப்புகள். குழல் நிற்கும் கூம்பு வடிவ அடிப்பகுதிக்குக் 'கால்' என்று பெயர். அதன் மேல் 'உடல்'. காலும் உடலும் சேரும் இடத்தில் ஒரு திறப்பு. அதன் விளிம்புகள் 'மேலுதடு', 'கீழுதடு'. திறப்பின் இருபுறமும் சில குழல்களுக்குச் சிறு தகடுகள் ஒட்டியிருக்கும். இவற்றை ஆங்கிலத்தார் 'காது' என்கின்றனர். ஜெர்மானியர் 'தாடி' என்கின்றனர். இன்னொரு வகைக் குழலில் பித்தளைத் தகடு ஒன்று அதிர்ந்து ஒலி எழுப்பும். அது 'நாக்கு'. நாக்கு மோதும் குழிவான பகுதி ஜெர்மனில் 'தொண்டை'. ஆங்கிலத்திலோ அதே உறுப்புக்கு, சின்ன வெங்காயத்தைக் குறிக்கும் சொல்லின் வடிவிலேயே ஒரு பெயர் வழங்குகிறது. தொண்டை எங்கே, வெங்காயம் எங்கே! நாக்கைச் சுருதி சேர்க்க மேலும் கீழும் நகர்த்தும் வளைந்த கம்பிக்கு ஜெர்மானியர் இட்ட பெயர் 'ஊன்றுகோல்'. இவை எல்லாவற்றையும் உள்ளடக்கி நிற்கும் அடிக்கூடு 'பூட்சு'.

இச்சொற்களில் எதையும் ஒரு குழு உட்கார்ந்து ஆக்கியதாகத் தெரியவில்லை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவன் தன் உடம்பையே உவமையாகக் கண்டு இட்ட பெயர்கள் இவை. அந்தப் பழக்கம் நமக்கும் புதிதன்று. பானைக்குக் கழுத்து, குடத்துக்கு வாய், மணிக்கு நாக்கு, நாற்காலிக்குக் கையும் காலும் வைத்தவர்கள் நாம். ஆங்கிலத்தார் ஊசியில் கண்ணைக் கண்ட இடத்தில் நாம் காதைக் கண்டோம். ஒரே துளைதான், பார்த்த மொழி வேறு. குழலின் பக்கத்தகடு ஒருவருக்குக் காதாகவும் மற்றவருக்குத் தாடியாகவும் தெரிந்ததில் வியப்பில்லை.

உடம்பின் சொற்கள் இங்கு வெறும் உவமையளவில் நிற்கவில்லை என்பதே மொழியியலாளருக்கு முக்கியம். தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தொலியின் தோற்றத்தை விளக்கும்போது, உந்தியிலிருந்து எழும் காற்றில் தொடங்குகிறார். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு இடங்களில் அக்காற்று நின்றும் பொருந்தியும் வெவ்வேறு ஒலியாகிறது என்பது அவர் கருத்து. துருத்தி, காற்றுப்பெட்டி, தொண்டை, நாக்கு, உதடு, உடல் என்று ஆர்கன் பட்டறையில் எண்ணுவதும் இதே வழிதான். காற்று ஓரிடத்தில் எழுகிறது; ஓரிடத்தில் தடுக்கப்படுகிறது; ஓர் உட்கூட்டில் வடிவம் பெறுகிறது.

ஐரோப்பிய அறிஞர்கள் இவ்வொற்றுமையை ஆய்வுக்கே பயன்படுத்தினர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகம் ஒரு பரிசு வினாவை அறிவித்தது. அ, எ, இ, ஒ, உ ஆகிய உயிரொலிகளின் இயல்பு யாது, ஆர்கனில் 'மனிதக் குரல்' என்னும் பெயருடைய குழல் வரிசையைப் போன்ற ஒன்றைக் கொண்டு அவ்வொலிகளை எழுப்ப இயலுமா என்பது வினா. கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்த கிராட்சென்ஸ்டைன் ஐந்து உயிருக்கும் ஐந்து வடிவில் குழல்கள் செய்து 1780இல் அப்பரிசைப் பெற்றார். தமிழில் குறில் உயிர்களும் அதே ஐந்துதாம் என்பதை இங்குள்ள மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். 1791இல் வோல்ஃப்காங் வான் கெம்பெலன் தம்முடைய பேசும் பொறியைப் பற்றி நூல் வெளியிட்டார். துருத்தி நுரையீரலாகவும், அதிரும் நாக்கு குரல்வளையாகவும் அதில் அமைந்தன. நாம் இன்று ஒலியியல் வகுப்பில் குரல்மூலம் வேறு, அதை வடிகட்டும் வாயறை வேறு என்று கற்பிக்கிறோமே, அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் பயிற்சி இத்தகைய குழல்களைக் கொண்டே வளர்ந்தது.

ஆர்கன் பட்டறையில் மிகுந்த மதிப்புக்குரியவர் குழலைப் பேசவைப்பவர். தச்சர் செய்துவிட்ட குழல் முதலில் பேசாது. பேசினாலும் திக்கும், சீறும். கீழுதட்டுக்கும் உள்தகட்டுக்கும் இடையே உள்ள பிளவை இம்மியளவு அகட்டியும் ஒடுக்கியும், மேலுதட்டை மயிரிழையாகச் சீவியும், காலின் துளையைச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் அவர் அதற்குக் குரல் கொடுக்கிறார். குழல் ஒலிக்கத் தொடங்கும் அக்கணத்தை ஜெர்மானியர் 'அன்ஷ்பிராஹெ' என்பர். ஒருவரைப் பெயர் சொல்லி விளித்துப் பேசுவதற்கும் அவர்களிடம் அதே சொல்தான். நம்மிடத்திலும் தவில் 'பேசுகிறது', நாயனம் 'பேசுகிறது' என்ற வழக்கு உயிரோடு இருக்கிறது. ஆதலால் இப்பணிக்குப் 'பேசவைத்தல்' என்று சொல்லிவிடலாம் என்பது நம் கருத்து. 'ஒலிப்பண்பாக்கம்' என்பது போன்ற ஒரு கூட்டுச்சொல் அகராதியில் மட்டுமே குடியிருக்கும்.

பேசத் தொடங்கும் கணத்தில் குழல் ஒரு சிறு மெய்யொலியை உமிழ்கிறது. காற்று உதட்டில் மோதும் ஓசை அது. அதன் பின்னரே இசைச்சுரம் நிலைபெறுகிறது. மெய் முன்னும் உயிர் பின்னுமாக வரும் உயிர்மெய்யை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பட்டறைகள் பல, உள்தகட்டின் விளிம்பில் நெருக்கமாகக் கீறல்களிட்டு அம்மெய்யொலியை மழுங்கச் செய்தன. நீண்டு வழுக்கிச் செல்லும் மென்குரலே அக்காலத்துச் சுவை. இருபதாம் நூற்றாண்டில் அச்சுவைக்கு எதிராக ஓர் இயக்கம் எழுந்தது. கீறல்களைக் குறைத்து, காற்றின் அழுத்தத்தைத் தாழ்த்தி, பழைய குழல்களின் தெளிந்த உச்சரிப்பை மீட்க வேண்டும் என்றனர். அவர்களிற் சிலர் ஆர்வமிகுதியால், நல்ல நிலையில் இருந்த பழைய குழல்களையே தம் செவிக்கேற்ப வெட்டியும் திருத்தியும் விட்டனர்.

வெட்டிய உதடு மீண்டும் வளராது. சீரமைப்புத் தொழிலின் சிக்கல் எல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது. பழைய ஆர்கன் ஒன்றைப் பிரிக்கும்போது ஒவ்வொரு குழலிலும் பழைய கைவினைஞர் கீறிய சுர எழுத்துகள் தென்படும். பின்வந்தவர்கள் இடம் மாற்றி வைத்த குழல்களும் தென்படும். எது மூலம், எது பின்வந்தோர் சேர்த்தது, எது சிதைவு, எது திருத்தம் என்று பகுத்தறிந்த பின்னரே கருவியில் கை வைக்க வேண்டும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறித்த நம் பதிப்பாசிரியர்களின் வேலையும் இதுவே. இடைச்செருகல் என்று நாம் சொல்வதற்கு ஆர்கன் வரலாற்றில் தக்க சான்று உண்டு. முதல் உலகப்போரின்போது, 1917இல், ஜெர்மானிய அரசு போர்த்தேவைக்காக ஆர்கன்களின் முகப்பில் நின்ற வெள்ளீயக் குழல்களைக் கழற்றி வாங்கிக்கொண்டது. பின்னர் அவ்விடங்களில் பலவும் துத்தநாகக் குழல்களால் நிரப்பப்பட்டன. பார்வைக்கு நிறைவாக இருக்கும். குரலில் வேறுபாடு தெரியும். அத்துத்தநாகத்தைக் களைந்து மீண்டும் வெள்ளீயத்தில் செய்வதா, அதுவும் வரலாறுதானே என்று விட்டுவிடுவதா என்னும் வழக்கு சீரமைப்போரிடையே இன்றும் எழுகிறது. மூலத்தை உறுதியாக அறிய முடிந்த இடத்தில் மட்டுமே திருப்பிச் செய்ய வேண்டும்; ஊகித்துச் செய்வதைவிடத் துத்தநாகமே மேல் என்பது நம் எண்ணம். ஊகித்துப் பாடம் திருத்திய பதிப்புகளால் நாம் பட்ட பாடு போதாதா?

வெள்ளீயம் என்றதும் மலேசிய அன்பர்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். குழல் செய்யும் உலோகம் வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. உருக்கிய கலவையை, அடியில்லாத ஒரு பெட்டியில் ஊற்றி, நீண்ட மேடையின் மீது சீராக இழுத்துச் செல்வார்கள். பின்னே தகடு படிந்து கிடக்கும். ஆறியதும் சீவி, அளந்து வெட்டி, உருளையில் சுற்றி, விளிம்புகளைப் பற்றவைத்தால் குழல். வெள்ளீயம் மிகுந்தால் பளபளப்பும் விறைப்பும் கூடும். காரீயம் மிகுந்தால் நிறம் மங்கும், உலோகம் மெதுவாகும். இரண்டையும் 'ஈயம்' என்ற ஒரே அடிச்சொல்லில் வெண்மையும் கருமையும் சேர்த்துப் பிரித்தது தமிழ். பழைய உரோமரும் ஒரே சொல்லோடு வெண்மை, கருமை என்னும் அடைகளைச் சேர்த்தே இவ்விரண்டையும் வழங்கினர். இன்று பள்ளி வேதியியலில் அடையில்லாத 'ஈயம்' காரீயத்தைக் குறிக்கிறது. பேராக்கில் 'ஈயச் சுரங்கம்', 'ஈயக்குட்டை' என்னும்போது அதே சொல் வெள்ளீயத்தைக் குறிக்கிறது. ஈயச் சொம்பில் ரசம் வைத்தவர்களும் வெள்ளீயத்தையே குறித்தனர். பாடநூலில் உள்ள பொருள்தான் சரி, மற்றது பிழை என்று மாணவனைத் திருத்தும் ஆசிரியர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். கையாண்டவர்களின் வழக்கு அது.

இனி, பெயருக்கு வருவோம். ஆர்கனுக்குத் தமிழில் என்ன பெயர் என்பது கேட்கப்படும் முதல் வினாவாக இருக்கும். 'ஆர்கன்' என்றே இருக்கட்டும். ஜெர்மானியர் அதை 'ஓர்கெல்' என்பது கிரேக்கத்திலிருந்து பெற்ற கடனே. கிரேக்கத்தில் அச்சொல்லின் பொருள் கருவி என்பது மட்டுமே. இசைக்கருவி, தச்சுக்கருவி இரண்டையும் நாம் ஒரே சொல்லால் வழங்குவதுபோல. பெயரைக் கடன் வாங்கிய ஜெர்மானியர் காலுக்கும் நாக்குக்கும் தொண்டைக்கும் தாடிக்கும் தம் வீட்டுச் சொற்களையே எடுத்துக்கொண்டனர். நம்மிடமும் இதற்கு முன்மாதிரி உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியத்தின் பெயரை நாம் மாற்றவில்லை. ஆனால் அதன் காற்றுப்பையைத் துருத்தி என்றோம், அழுத்தும் பலகைகளைக் கட்டை என்றோம். பின்னர் அந்தக் கட்டையே பாடுவோரின் சுருதிக்கு அளவாகி, 'ஒரு கட்டை', 'ஐந்து கட்டை' என்று கச்சேரி மேடை ஏறிற்று. ஆர்மோனியமே இல்லாத கச்சேரியிலும் இன்று கட்டை உண்டு. வந்தேறிய பெட்டி ஒன்று நம் மொழிக்கு இப்படி ஒரு சொல்லைத் தந்தது, அதைத் தொட்டு வாசித்தவர்கள் நம்மிடையே இருந்தமையால்.

தொடுவோர் இருக்கும்வரை என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நாகசுரத்தை எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பகுதியில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் உலவு கடைகிறார்கள். அதன் முனையில் கெண்டை, கெண்டையில் சீவாளி, அடியில் அணசு. 2022இல் அவ்வூர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த நான்கு சொற்களில் 'சீவாளி' என்பதைச் சிங்கப்பூர்க் கோயில் வாசலில் நிற்கும் இளைஞர் அறிந்திருக்கலாம். 'கெண்டை' என்றால் மீனையே நினைப்பார். துணைநின்று சுருதி ஊதிய 'ஒத்து' என்னும் கருவியை அவர் கண்டிருக்கவும் மாட்டார். 'ஒத்து ஊதுகிறான்' என்ற வசை மட்டும் அவர் நாவில் இருக்கிறது. கருவி மறைந்து ஏளனம் மட்டும் மிஞ்சிய சொல் அது.

இந்நாட்டுத் தமிழுக்கு இத்தகைய இழப்பு தொலைவில் இல்லை. நிரை, மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால், கட்டிப்பால், பெரட்டு என்னும் சொற்கள் தமிழகத்து அகராதிக்காரர் தந்தவை அல்ல. இரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலையில் மரம் வெட்டிய கைகள் ஆக்கியவை. சிலவற்றைப் பிறமொழியிலிருந்து எடுத்துத் தம் வாய்க்கேற்ப வளைத்துக்கொண்டவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், அச்சொற்களுக்குப் பொருள் கேட்டால் பாட்டியைத்தான் அழைக்க வேண்டியிருக்கிறது. பேரப்பிள்ளை தமிழில் கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு வாங்குகிறான். ஒட்டுப்பால் எது, கட்டிப்பால் எது என்று அவனுக்குத் தெரியாது.

ஜெர்மனியும் இவ்வச்சத்திலிருந்து விடுபட்ட நாடு அன்று. ஆர்கன் கைவினையும் இசையும் 2017இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, அந்நாட்டில் 50,000க்கும் மேற்பட்ட ஆர்கன்கள் இருப்பதாகவும், ஏறத்தாழ 400 பட்டறைகளில் 2,800 பேர் பணிபுரிவதாகவும் கணக்குக் காட்டப்பட்டது. பயிலும் இளைஞர்கள் 180 பேர். அத்தொழிலைக் கற்க மூன்றரை ஆண்டுகள் ஆகும். வகுப்பறைப் படிப்புக்கு லுட்விக்ஸ்பர்க் நகரில் பள்ளி உண்டு. மற்றதெல்லாம் பட்டறை மேசையருகே நின்று கற்பது. உதட்டை எவ்வளவு சீவ வேண்டும் என்பதை எண்ணால் சொல்லிவிட முடியாது. 'இன்னும் துப்புகிறது', 'இப்போது வாயைத் திறக்கிறது', 'போதும், விட்டுவிடு' என்று மூத்தவர் சொல்ல இளையவர் கேட்டுக் கேட்டே அறிகிறார். குடும்பப் பட்டறை என்னும் அமைப்பில் சொத்து கைமாறுவதைவிட இந்தப் பேச்சு கைமாறுவதே பெரிது.

பான் பட்டறை சீரமைத்த கருவிகளுள் நம் வட்டாரத்தைச் சேர்ந்த ஒன்று உண்டு. மணிலாவை அடுத்த லாஸ் பின்யாஸ் ஊர்த் தேவாலயத்தில் டியேகோ செரா என்னும் பாதிரியார் 1816இல் ஓர் ஆர்கன் செய்யத் தொடங்கினார். உலோகம் கிடைப்பது அரிது, மூங்கிலோ ஏராளம். மூங்கிலை வெட்டிக் கடற்கரை மணலில் புதைத்து, பூச்சி அரிக்காதவாறு பதப்படுத்தினார். 1824இல் வேலை முற்றுப்பெற்றபோது 1,031 குழல்கள் நின்றன. அவற்றுள் 902 மூங்கில், எஞ்சியவை உலோகம். நிலநடுக்கமும் புயலும் கறையானும் அதைப் பலமுறை ஊமையாக்கின. 1973இல் பிரித்தெடுக்கப்பட்டுக் கடல் கடந்து பான் பட்டறைக்குச் சென்ற அவ்வார்கன் 1975இல் குரலோடு திரும்பியது. வெள்ளீயத்துக்குப் பழகிய கைகள் மூங்கிலின் வாயைத் திருத்தக் கற்க வேண்டியிருந்திருக்கும். மூங்கிலில் உதடு வெட்டுவது நம் புல்லாங்குழல் செய்வோர்க்குத் தெரிந்த வித்தை.

அக்கதை அத்துடன் முடியவில்லை. அவ்வூர் இளைஞர் சிலர் ஐரோப்பாவுக்குச் சென்று தொழில் கற்றுத் திரும்பினர். 1994இல் லாஸ் பின்யாஸிலேயே, டியேகோ செராவின் பெயரில் ஓர் ஆர்கன் பட்டறை தொடங்கப்பட்டது. பிலிப்பைன்சின் தீவுகளில் ஸ்பானியர் காலத்திலிருந்து சிதைந்து கிடந்த ஆர்கன்களை அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துச் சீரமைக்கிறார்கள்; புதியனவும் செய்கிறார்கள். மூங்கில் ஆர்கனைப் பேணும் பொறுப்பும் இப்போது அவர்கள் கையில் இருக்கிறது. குழல் தொண்டை கட்டிக்கொண்டால் அவர்கள் ஜெர்மனிக்குக் கடிதம் எழுதுவதில்லை.